சோற்று நெல்லும் விதைநெல்லும்: தொண்டு நிறுவனங்களின் பணக்கணக்கு

மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கும்போது மிச்சம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பல டிரஸ்டிகளுக்கு ஒரு திருப்தி. "வந்த காசு மொத்தமும் பிள்ளைகளுக்கே போயிடுச்சு" என்பார்கள். அதே டிரஸ்டில் ஜூன் மாதம் ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து (சிஎஸ்ஆர்) தரும் தவணை எட்டு வாரம் தள்ளிப்போனால் களப்பணியாளருக்குச் சம்பளம் இருக்காது. ஆகஸ்டில் நல்ல பணியாளர் இருவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பழக்க ஆன மூன்று வருஷச் செலவு எந்தக் கணக்கிலும் நஷ்டமாக எழுதப்படாமலே போய்விடும்.

நெல் அடித்த வீட்டில் முதலில் விதைக்கோட்டையைக் கட்டி மேலே தூக்கி வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் சோற்றுக்கு எவ்வளவு, விற்க எவ்வளவு என்ற பேச்சு. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கத் தயங்குவார்கள். தொண்டு நிறுவனங்களில் இந்தப் பிரிவினை பெரும்பாலும் கிடையாது. பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தரும் பணமும், கணக்காளரை நியமிக்கும் பணமும், அடுத்த வட்டாரத்தில் வேலையைத் தொடங்கும் பணமும் ஒரே பானையில் கிடக்கின்றன. முதலீட்டு நோக்கு என்றதும் ஷேர் மார்க்கெட்டையோ லாபத்தையோ நினைத்துப் பதற வேண்டாம். வரும் ஒவ்வொரு ரூபாயும் இந்த வருஷச் சேவையை வாங்குகிறதா, அடுத்த ஐந்து வருஷம் சேவை செய்யும் திறனைக் கட்டுகிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அது. முதலாவதை இயக்கப் பணம் என்றும் இரண்டாவதைக் கட்டுமானப் பணம் என்றும் இங்கே சொல்கிறேன். இரண்டையும் கேட்கும் முறை வேறு, செலவழிக்கும் முறை வேறு, கணக்குக் காட்டும் முறையும் வேறு.

ஒரு பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊருக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு டிரஸ்ட் 20 கிராமங்களில் மாலைநேரக் கற்றல் மையம் நடத்துகிறது. மையத்துக்கு 25 பிள்ளைகள், மொத்தம் 500. மையப் பொறுப்பாளருக்கு மாதம் 4,000 ரூபாய் மதிப்பூதியம், ஆண்டுக்கு 9.60 லட்சம். பிள்ளைக்கு 600 ரூபாய் வீதம் பாடப்பொருள் 3 லட்சம். இடவாடகையும் கரண்டும் மையத்துக்கு மாதம் 800, ஆண்டுக்கு 1.92 லட்சம். 18,000 சம்பளத்தில் இரண்டு மேற்பார்வையாளர்கள் 4.32 லட்சம், அவர்களின் பெட்ரோல் 72,000. ஆக நேரடிச் செலவு 19.56 லட்சம். பிள்ளைக்கு 3,912 ரூபாய்.

நிதி கேட்டு அனுப்பும் புரொபோசலில் எழுதப்படுவது இந்த 3,912 தான். கணக்காளர் 1.80 லட்சம், ஆடிட்டும் ரிட்டர்ன் தாக்கலும் 60,000, அலுவலக வாடகை 96,000, போன், இணையம், மென்பொருள் 30,000, இயக்குநர் சம்பளம் 3 லட்சம், பணியாளர் பயிற்சி 40,000 என்று இன்னொரு 7.06 லட்சம் மறைமுகச் செலவு (ஓவர்ஹெட்) இருக்கிறது. மொத்தம் 26.62 லட்சம், பிள்ளைக்கு 5,324 ரூபாய். நிதி தரும் ஃபண்டர் "ஓவர்ஹெட் 10 சதவீதம் தருவோம்" என்கிறார். 19.56 லட்சத்தில் 10 சதவீதம் 1.96 லட்சம். துண்டு விழுவது 5.10 லட்சம். இந்தத் துண்டை யார் சுமக்கிறார்கள் என்று பார்த்தால் பல இடங்களில் இயக்குநர்தான். சம்பளமே எடுப்பதில்லை. அதைத் தியாகம் என்று பாராட்டுகிறோம். அவர் ஓய்வுபெறும் நாளில், அதே வேலைக்கு வர ஆள் கிடைக்காதபோதுதான் அது நிறுவனத்தின் மீது இருந்த கடன் என்று தெரியும்.

இப்போது அதே ஃபண்டர் மகிழ்ந்துபோய் "மையங்களை 40 ஆக்குங்கள்" என்கிறார். நேரடிச் செலவு இரட்டிப்பாகி 39.12 லட்சம். மறைமுகச் செலவு இரட்டிப்பாகாது. ஆனால் ஒரு திட்ட மேலாளரும் கூடுதல் கணக்கு வேலையும் சேர்ந்து 12 லட்சம் ஆகும் என்று வைப்போம். 10 சதவீதமாகக் கிடைப்பது 3.91 லட்சம், துண்டு 8.09 லட்சம். வளர வளரப் பள்ளம் ஆழமாகிறது. "பெரிய அளவில் செய்தால் செலவு குறையும்" என்ற வாதமும் இங்கே சோதனைக்கு வருகிறது: 1,000 பிள்ளைகளுக்கு 51.12 லட்சம், தலைக்கு 5,112. குறைந்தது வெறும் 212 ரூபாய். ஆட்களை வைத்துச் செய்யும் வேலையில் பொறுப்பாளர் செலவு பிள்ளைகளோடு சேர்ந்தே ஏறும். ஊசி மருந்து தயாரிப்பதுபோல விலை சரியாது. இதை ஃபண்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மறைமுகச் செலவு இத்தனை சதவீதம்தான் இருக்க வேண்டும் என்று இயற்கை விதி ஏதும் இல்லை. இந்தியாவில் நன்றாக நடக்கும் 40 நிறுவனங்களின் கணக்குகளைப் பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனைக் குழு ஆராய்ந்தபோது அது 5 முதல் 51 சதவீதம் வரை விரிந்திருந்தது, நடுமதிப்பு 19 சதவீதம். பயிற்சி தரும் நிறுவனத்துக்கும் உணவு விநியோகிக்கும் நிறுவனத்துக்கும் ஒரே சதவீதத்தைப் பொருத்துவது, டீக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஒரே வாடகை விகிதம் கேட்பதுபோல.

பல திட்டங்கள் இருக்கும்போது பொதுச் செலவைப் பிரிக்க ஊழியர் நேரம்தான் எளிய அளவுகோல். இயக்குநரும் கணக்காளரும் இரண்டு வாரம், அரைநாள் அரைநாளாக எந்தத் திட்டத்துக்கு வேலை செய்தோம் என்று குறித்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்து, அந்த விகிதத்தில் வாடகையையும் ஆடிட் செலவையும் பிரியுங்கள். விகிதத்தை எப்படிப் பிடித்தோம் என்ற ஒரு பக்கக் குறிப்பை ஆடிட்டரிடம் கொடுத்து வைக்க வேண்டும். ஒரே கணினியின் விலையை மூன்று ஃபண்டர்களுக்குத் தரும் யூட்டிலைசேஷன் சர்ட்டிபிகேட்டிலும் (பணம் செலவான விதத்துக்கான சான்று) காட்டி மாட்டிக்கொள்வது இந்தக் குறிப்பு இல்லாத இடங்களில்தான்.

சிஎஸ்ஆர் மேலாளர்கள் சிலர் "சட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு தர முடியாது" என்பார்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தத் தானே செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின் வரையறையை அச்செடுத்து எடுத்துப் போங்கள். வாக்குவாதம் வேண்டாம், அந்த வரியைக் காட்டினால் போதும். வெளிநாட்டு நிதியில் நிலைமை வேறு: 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) வழியாக வரும் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் கூடாது. இங்கே வாதாட இடமில்லை.

கட்டுமானப் பணத்தைக் கேட்பது

மேலே சொன்ன 20 மையங்களை 40 ஆக்க, முதல் பிள்ளை உள்ளே வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. பலகை, பாய், அலமாரி, விளக்கு என்று புது மையத்துக்கு 12,000 வீதம் 2.40 லட்சம். 20 பொறுப்பாளர்களுக்கு உணவு, பயணம், படி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 6,000 ஆகும் பயிற்சி, 1.20 லட்சம். புது மேற்பார்வையாளர்கள் இருவரை மூன்று மாதம் முன்கூட்டியே எடுக்க 1.08 லட்சம். 35,000 சம்பளத்தில் திட்ட மேலாளர், முதல் ஆறு மாதத்துக்கு 2.10 லட்சம். நான்கு டேப்லெட்டும் தகவல் பதிவு ஏற்பாடும் 1.48 லட்சம். நிதி திரட்டும் ஊழியர் ஒருவருக்கு முதல் வருஷச் சம்பளம் 3 லட்சம். கூட்டினால் 11.26 லட்சம். எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 12.4 லட்சம்.

இந்த 12.4 லட்சத்தை ஆண்டு பட்ஜெட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தனியாக எழுதி, தனியாகக் கேளுங்கள். அந்தக் கோரிக்கைக்கு மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும். இந்தப் பணம் எந்தத் தேதியில் தேவைப்படாமல் போகும் என்ற கெடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் மைல்கற்கள். கட்டி முடித்த பிறகு ஆண்டுச் செலவான 51 லட்சத்தை யார் தருவார்கள் என்ற பட்டியல், பெயரோடும் நம்பிக்கை அளவோடும். மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் கட்டுமானத்தைத் தொடங்கவே கூடாது. இதைக் கறாராகவே சொல்கிறேன், ஏனென்றால் மூடப்பட்ட மையங்களில் பல இங்கேதான் தவறின. திறப்பு விழாவுக்குப் பணம் தர ஆள் இருக்கிறது. நான்காவது வருஷக் கரண்ட் பில்லுக்கு ஆள் இல்லை.

நிதி திரட்டும் ஊழியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அவர் தன் சம்பளத்துக்கு மேல் கொண்டுவர ஒன்றரை முதல் இரண்டு வருஷம் ஆகலாம். ஆறாம் மாதமே "எவ்வளவு கொண்டு வந்தாய்?" என்று கேட்டு அனுப்பிவிடும் டிரஸ்டுகள் விதைத்த வயலைத் தோண்டிப் பார்க்கிறவர்கள். கமிஷன் பேசி வைப்பது அதைவிட மோசம். கமிஷன் ஆள் எளிதில் கிடைக்கும் பணத்தைப் பிடிப்பார், உங்கள் வேலைக்குப் பொருந்தாத நிபந்தனையோடு வரும் பணமும் அதில் அடக்கம்.

இலவசமாக வரும் சொத்தும் செலவுதான். ஒரு கம்பெனி 9 லட்சம் ரூபாய் வேன் கொடுக்கிறது என்று வையுங்கள். ஓட்டுநர் 1.80 லட்சம், டீசல் மாதம் 12,000 வீதம் 1.44 லட்சம், இன்ஷூரன்ஸ், சர்வீஸ், எஃப்சி எல்லாம் சேர்ந்து 70,000. ஆண்டுக்கு 3.94 லட்சம். மூன்று வருஷத்தில் வேனின் விலையைவிட அதிகம். யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. மூன்று ஆண்டு ஓட்டச் செலவையும் சேர்த்துத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேன் வாடகைக்குக் கேளுங்கள். நிகழ்ச்சியில் சாவி கொடுக்கும் போட்டோ கிடைக்காது என்று சிலர் வருத்தப்படுவார்கள்.

கணக்குப் பதிவிலும் ஒரு பொறி இருக்கிறது. 12.4 லட்சம் ஒரே வருஷத்தில் வந்து, ஐந்து லட்சம்தான் செலவாகியிருந்தால், வரவு செலவுக் கணக்கில் ஏழு லட்சம் உபரிபோலத் தெரியும். அதைப் பார்த்த டிரஸ்டிகள் உற்சாகமாகப் புது வேலை தொடங்குவார்கள். கட்டுமானப் பணத்தைக் குறிப்பிட்ட நோக்க நிதியாகத் தனித் தலைப்பில் காட்டி, செலவானதை மட்டும் அந்த வருஷ வரவாகக் கொண்டுவரும்படி ஆடிட்டரிடம் கேளுங்கள். மாத அறிக்கையிலும் அப்படியே. முடிந்தால் அதற்கென ஒரு வங்கிக் கணக்கு.

கையிருப்பு

மாதச் செலவு 2.22 லட்சம் என்றால் ஆறு மாதக் கையிருப்புக்கு 13.3 லட்சம் வேண்டும். ஆண்டுச் செலவில் ஐந்து சதவீதம் மிச்சம் பிடித்தால் பத்து வருஷம் ஆகும். அதனால்தான் பலர் முயல்வதே இல்லை. இன்னொரு காரணம் பயம்: "டிரஸ்ட் மிச்சம் பிடித்தால் வரி போடுவார்கள்." சட்டம் சொல்வது அதுவல்ல. பதிவு பெற்ற அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். 85ஐ எட்ட முடியாவிட்டாலும், இன்ன நோக்கத்துக்கு என்று உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்து ஐந்து ஆண்டு வரை சேர்த்து வைக்க வழி உண்டு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1இல் இருந்து நடைமுறை. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறினாலும் இந்த அடிப்படை தொடர்கிறது.

நடைமுறையில் 15 சதவீதம் எந்தப் பணத்தில் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. சிஎஸ்ஆர் பணத்தில் மிஞ்சியதைத் திருப்பிக் கேட்பார்கள். எஃப்சிஆர்ஏ திட்டப் பணமும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே கையிருப்பு சேர்வது நிபந்தனையற்ற பணத்தில்தான்: மாதம் 500, 1,000 என்று தருபவர்கள், பிறந்தநாள் நன்கொடைகள், வட்டி, பயிற்சிக் கட்டணம். 300 பேர் மாதம் 500 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 18 லட்சம். ஒரு கம்பெனி தரும் 18 லட்சத்தைவிட இந்த 18 லட்சம் பல மடங்கு கனமானது. ஒரே நாளில் நிற்காது, சதவீதம் பேசாது. தானியங்கிப் பற்று வசதியும், கெடுவுக்குள் ரசீதும், வரிச் சலுகைக்கான சான்றிதழும் (பழைய சட்டத்தில் 80ஜி) ஒழுங்காகப் போனால் இவர்கள் தங்குவார்கள். அந்தச் சான்றிதழுக்கான நன்கொடைப் பட்டியலை மே 31க்குள் வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். ஒரு பான் எண் தவறினாலும் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது, அடுத்த வருஷம் அவரும் வர மாட்டார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் அந்தச் சலுகை கிடையாது. வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கார்ப்பஸ் நிதி, அதாவது அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் மூலநிதி, வேறு சமாசாரம். அதைத் தருபவர் "இது மூலநிதிக்கு" என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வருமானம். தனியாக, அனுமதிக்கப்பட்ட முதலீடுகளில் வைத்திருக்கவும் வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தை 2021 ஜனவரிக்குப் பிறகு கார்ப்பஸுக்குத் தர முடியாது. கார்ப்பஸைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே தெளிவாக்கிவிடலாம். ஆண்டுக்கு 5 லட்சம் வட்டி வேண்டும், எஃப்டி வட்டி 7 சதவீதம் என்றால் 71 லட்சம் போதும் என்று தோன்றும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 14 வருஷத்தில் அந்த 5 லட்சத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். சக்தி குறையாமல் இருக்க 5 சதவீதத்தை மீண்டும் மூலத்தில் சேர்த்து, 2 சதவீதத்தைத்தான் செலவழிக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது 2.5 கோடி. ஆண்டுக்கு 30 லட்சம் புழங்கும் டிரஸ்ட் இதைத் துரத்துவது வீண். முதலில் ஆறு மாதக் கையிருப்பு. கார்ப்பஸ் பேச்சு அதற்கு அப்புறம்.

கையிருப்பை எங்கே வைப்பது? ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில், இரண்டு மாதச் செலவு மூன்று மாத எஃப்டியில், மூன்று மாதச் செலவு ஓராண்டு எஃப்டியில், அதுவும் வெவ்வேறு மாதங்களில் முதிர்வதுபோல. டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான், ஆகவே இரண்டு மூன்று வங்கிகளில் பிரியுங்கள். அறக்கட்டளைப் பணத்தை வைக்கச் சட்டம் அனுமதிக்கும் இடங்களின் பட்டியல் உண்டு: வங்கி, அஞ்சலகச் சேமிப்பு, அரசுக் கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் போன்றவை. கம்பெனி ஷேரை நேரடியாக வாங்குவது, டிரஸ்டியின் சொந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுப்பது, தெரிந்தவர் நடத்தும் நிதி நிறுவனத்தில் 12 சதவீதத்துக்குப் போடுவது எல்லாம் அந்தப் பணத்துக்கான வரிவிலக்கைக் காவு வாங்கும். எஃப்சிஆர்ஏ பணத்துக்கு இன்னும் இறுக்கம்: சீட்டு, ஷேர், சந்தையோடு ஏறி இறங்கும் ஃபண்ட் எதிலும் போடக் கூடாது. அந்தப் பணத்தின் வட்டியும் வெளிநாட்டு நிதியாகவே எண்ணப்படும்.

எடுக்கும் விதியையும் தீர்மானமாக எழுதி வையுங்கள். தவணை தாமதமானால் எடுக்கலாம், எடுத்ததைத் தவணை வந்த 30 நாளில் திருப்பி வைக்க வேண்டும். புது வேலைக்கு எடுக்கக் கூடாது. இரண்டு டிரஸ்டிகளின் கையெழுத்து. சொந்தப் பணத்தைக் கைமாற்றாகப் போடும் டிரஸ்டியும் வங்கி வழியாகவே போட்டு, ஒரு பக்கக் கடன் ஒப்பந்தம் எழுத வேண்டும். கடன் பணத்தில் செய்த செலவு 85 சதவீதக் கணக்கில் அப்போது சேராது, கடனைத் திருப்பும் வருஷத்தில்தான் சேரும். இது தெரியாமல் மார்ச்சில் திண்டாடுபவர்கள் அதிகம்.

விளைவுக்கு விலை போடுவது

முதலீட்டாளர் கேட்கும் கேள்வி "எத்தனை பேர் வந்தார்கள்?" என்பதோடு நிற்காது. 500 பிள்ளைகள் வருகிறார்கள், வருஷ முடிவில் 300 பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். வாசிக்கும் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு 8,873 ரூபாய். பயிற்சிக்கு இன்னும் 40,000 செலவழித்து அந்த எண்ணிக்கை 360 ஆனால், செலவு 27.02 லட்சமாக ஏறினாலும் வாசிக்கும் பிள்ளைக்கு 7,506 தான். "ஓவர்ஹெட்" கூடியது, விளைவின் விலை குறைந்தது. சதவீதத்தை மட்டும் பார்க்கும் ஃபண்டர் அந்த 40,000ஐத்தான் முதலில் வெட்டுவார்.

இதை முழு ஒப்பந்தமாகவே செய்து பார்த்த இடம் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டம். 2015 முதல் 2018 வரை எஜுகேட் கேர்ள்ஸ் நிறுவனத்துக்கு யுபிஎஸ் ஆப்டிமஸ் ஃபவுண்டேஷன் 2,70,000 டாலரை முன்பணமாகக் கொடுத்தது. விளைவு வந்தால் அதற்குரிய பணத்தை சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் ஃபவுண்டேஷன் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. அளந்தது ஐடிஇன்சைட் என்ற மூன்றாம் தரப்பு. தொகையில் 80 சதவீதம் கற்றல் முன்னேற்றத்துக்கு, 20 சதவீதம் பள்ளிக்கு வெளியே இருந்த பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு. முதல் இரண்டு வருஷம் கற்றல் இலக்குக்குப் பின்தங்கியே இருந்தது. மூன்றாம் வருஷத்தில் பாய்ந்து, முடிவில் கற்றல் இலக்கில் 160 சதவீதம், சேர்க்கை இலக்கில் 116 சதவீதம். முன்பணம் போட்டவருக்கு ஆண்டுக்கு 15 சதவீத வருவாய்.

சாதாரணமான ஓராண்டுத் திட்டமாக இருந்திருந்தால் முதல் வருஷ முடிவில் இதை மூடியிருப்பார்கள். பின்தங்கியபோது கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும், மூன்று வருஷம் பணம் நிற்காது என்ற உறுதியும்தான் காப்பாற்றின. இந்த வகை ஒப்பந்தத்தைச் சிறிய டிரஸ்ட் நினைத்துப் பார்க்க வேண்டாம். வக்கீல், மதிப்பீட்டாளர், இடைத்தரகர் செலவிலேயே திட்டம் முடிந்துவிடும். அதன் பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: தொடக்க அளவீடு, வெளியாளை வைத்து ஆண்டிறுதி அளவீடு, நடுவில் மாற்ற அனுமதி.

தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்து பணம் திரட்டும் சமூகப் பங்குச் சந்தையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019 பட்ஜெட்டில் அறிவித்து, 2022இல் செபி விதிகள் வந்து, 2023 டிசம்பரில் பெங்களூருவின் உன்னதி ஃபவுண்டேஷன் முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது. அங்கே விற்கப்படும் பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது. பெயரில் பத்திரம், சாரத்தில் நன்கொடை. 2023 இறுதியில் இருந்த விதிப்படி குறைந்தபட்ச வெளியீடு 50 லட்சம், அதில் 75 சதவீதமாவது வாங்கப்பட வேண்டியிருந்தது. பதிவுக்கே மூன்று வருஷப் பழமையும், ஆண்டுக்கு 50 லட்சம் செலவும் வேண்டும். ஏற்கெனவே நன்கொடையாளர் வட்டம் உள்ளவர்களுக்கு அது ஒழுங்கான கடை. வட்டம் இல்லாதவர்களுக்குக் கடை திறந்ததால் மட்டும் வாடிக்கையாளர் வந்துவிட மாட்டார்.

சொந்த வருமானம்

இந்தப் பேச்சில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுக்காமல் யாரும் விடுவதில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கொடுப்பவர்களின் கட்டணத்தில் கொடுக்க இயலாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை. "அதுபோல நாமும்" என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது கட்டணப் பலகையை அல்ல. கிராமத்துப் பெண்களை எடுத்து வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவர் ஒரு அறுவையை முடிக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருக்கும்படி வேலையை அடுக்கினார்கள். இறக்குமதி லென்ஸ் நூறு டாலரை ஒட்டி விற்ற காலத்தில், 1992இல் ஆரோலேப் தொடங்கிப் பத்து டாலரளவில் கொடுத்தார்கள். எல்லாமே கட்டுமானச் செலவுகள். கண்புரை பணக்காரருக்கும் வரும், ஏழைக்கும் வரும். அதனால் குறுக்கு மானியம் ஓடுகிறது. பின்தங்கிய ஊரில் மாலை வகுப்பு நடத்தும் டிரஸ்டுக்குக் கட்டணம் கொடுக்கும் பாதி எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட டிரஸ்ட் விற்கத்தக்கது வேறொன்று: தன் பயிற்சித் திறன். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி, மற்ற நிறுவனங்களுக்கு அளவீட்டுக் கருவிகள். விலை வைக்கும்போது பயிற்றுநரின் தயாரிப்பு நாட்களையும் எண்ணுங்கள். மூன்று நாள் வகுப்புக்கு நான்கு நாள் தயாரிப்பு என்றால் அது ஏழு நாள் கூலி. சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வரும். கட்டணத்துக்கு மேல் வரி தனி என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 18 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். டிரஸ்டின் நோக்கம் கல்வி, மருத்துவம், ஏழை நிவாரணம் போன்ற தனித் தலைப்புகளில் வராமல் "பொதுப் பயன்பாடு" என்ற வகையில் இருந்தால் வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் அந்த வருஷ விலக்கு முழுவதும் போகும். எந்த வகையானாலும் வணிகத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம்.

டிரஸ்டிகள் கூட்டத்தில் இதற்கெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத் தாள் போதும். அடுத்த 12 மாதங்களில் எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும், எந்த மாதம் கை வறளும். பெரிய ஃபண்டர் ஒருவர் மொத்த வரவில் எத்தனை சதவீதம்; 40ஐத் தாண்டினால் சிவப்பு மை. கையிருப்பு எத்தனை மாதம். விளைவு ஒன்றுக்கு எவ்வளவு. கட்டுமானப் பணத்தில் எவ்வளவு மீதி, மைல்கல் எங்கே நிற்கிறது.

அந்தத் தாளில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி பணிக்கொடை (கிராஜுவிட்டி). பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பணிக்கொடை விதிகள் (2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ளவை) பொருந்தும், தொண்டு நிறுவனம் என்று விலக்கு இல்லை. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணிபுரிந்த வருஷங்களால் பெருக்க வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 வாங்கி எட்டு வருஷம் உழைத்த மேற்பார்வையாளர் விலகினால் 83,077 ரூபாய் கொடுத்தாக வேண்டும். அப்படி நான்கு பேர் இருந்தால் 3.32 லட்சம். எட்டு வருஷத்தில் வந்துபோன எந்தத் திட்டத்தின் பட்ஜெட்டிலும் இந்தத் தொகை இருந்திருக்காது. ஆகவே கையிருப்பை எண்ணும்போது முதலில் இதைக் கழித்துவிட்டு, மீதி எத்தனை மாதத்துக்கு வருகிறது என்று பாருங்கள்.